ஊரடங்கில் வளவுக்கு வந்தவை: உண்மையில் கூடினவா, நாம்தான் அப்போது பார்த்தோமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட நாளிலிருந்தும், அடுத்த வருடம் வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்து படலையில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட 14 நாளும், கிளிநொச்சியில் உங்கள் வளவுக்குள் கண்ட பறவை, மிருகம், பாம்பு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்கள். முன்பு காணாத அளவுக்கு அவை வந்ததாக உங்களுக்குப் படுகிறது. மனிதர் அடங்கியதால்தான் வந்தனவா, அந்தக் கொப்பியால் யாருக்காவது பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். இடையில் ஒரு வரியாக, வேலியோரத்து இலுப்பைக்கு வௌவால் வருவதால் மரத்தைத் தறிக்கச் சொல்லி அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது நீங்கள் கண்டது நிஜ மாற்றமா, அல்லது வீட்டில் சும்மா இருந்ததால் கண்ணில் பட்டதா என்பதைத்தான். நான் வன்னியில் உயிரியல் படிப்பித்தவன். தை மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பல வருடமாகக் குளக்கட்டுகளில் நின்றவன். பறவை, ஊர்வன பற்றித் துணிந்து சொல்வேன். நோய் பற்றிச் சொல்லப்போவது யாரும் அறியக்கூடிய பொது விடயம் மட்டும்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். சில வாரத்தில் எந்தப் பறவையும் மிருகமும் எண்ணிக்கையில் பெருகிவிடாது. கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பூனைக்கும் காகத்துக்கும் தப்பி வளர்ந்து, அது பிறகு இணை சேர வேண்டும். ஆகவே ஊரடங்கு உங்கள் ஊரில் ஒரு செண்பகத்தைக்கூடக் கூட்டியிருக்காது. வாரக்கணக்கில் மாறக்கூடியவை வேறு. ஏற்கெனவே இருந்தவை எந்த நேரத்தில், எவ்வளவு துணிவாக வெளியே வருகின்றன என்பது ஒன்று. அவை உங்கள் கண்ணிலும் காதிலும் படும் வாய்ப்பு மற்றது. உங்கள் விடயத்தில் இரண்டாவதுதான் பெரியது என்பது என் எண்ணம்.

காதை எடுத்துக்கொள்வோம். ஏ-9 வீதி உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்கிறீர்கள். லொறி, பஸ், லாண்ட்மாஸ்டர், இடையிடையே ரயில் என்று நாள் முழுக்க ஓடும் இரைச்சலை அங்கே இருப்பவர்கள் உணர்வதே இல்லை, பழகிவிட்டது. அது ஒரேயடியாக நின்றது. இதே காலத்தில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சிட்டுக்குருவி இனத்தின் பாட்டைப் பதிவு செய்து அளந்தார்கள். வீதி அமைதியானதும் அந்தக் குருவிகள் முன்பைவிட மெதுவாகப் பாடின. அப்படியிருந்தும் பாட்டு இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்டியது. இந்த ஆய்வு 2020-இலேயே வெளியானது. சத்தம் இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்டினால், நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி உங்கள் காதுக்குள் வரும் பரப்பு நான்கு மடங்கு. பறவை ஒன்றுகூடக் கூடாமலே, காதில் விழுபவை நான்கு மடங்காகலாம் என்று அர்த்தம். அது வேறு நாடு, வேறு குருவிதான். ஆனால் கணக்கு எங்கும் ஒன்று.

கண்ணும் அப்படித்தான். பறவைகள் மும்முரமாக இருப்பது விடிந்து இரண்டு மணித்தியாலம். சாதாரண நாளில் அந்த நேரம் உங்களுக்குக் குசினியிலும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவதிலும், பஸ் பிடிப்பதிலும் போய்விடும். ஊரடங்கில் தேத்தண்ணியோடு விறாந்தையில் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் பார்த்ததில் பாதி, வருடக்கணக்காக உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்ததுதான்.

மனிதர் அடங்கியதால் ஒன்றுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் பறவை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே எண்ணி, முந்தைய வருடங்களோடு ஒப்பிட்டார்கள். நகரத்துப் பறவைகள் ஊரடங்கால் கூடியதாகத் தெரியவில்லை; ஆனால் விடியற்புறத்தில் அதிகமாகக் கண்ணில் பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 82 வகைப் பறவைகளை வைத்து 2021-இல் வந்த ஆய்வில், 66 வகைகள் மனித நடமாட்டம் உள்ள இடங்களைப் பயன்படுத்தும் விதம் மாறியிருந்தது. பெரும்பாலானவை கூடின, சில குறைந்தன. பாலூட்டிகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்த உலகளாவிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. கடுமையான ஊரடங்கு இருந்த இடங்களில் அவை பத்து நாளில் போய்வரும் தூரம் 73 வீதம் நீண்டதாகவும், மனிதர் நெருக்கமாக வாழும் இடங்களில் வீதிகளுக்கு 36 வீதம் கிட்டவாக வந்ததாகவும் அது சொல்கிறது. இவை நம்பக்கூடியவை. வெனிஸ் கால்வாயில் டொல்பின் நீந்துகிறது என்று அந்த மார்ச்சில் வாட்சப்பில் சுற்றிய வீடியோ அப்படியல்ல. அது சார்டினியாத் தீவின் ஒரு துறைமுகத்தில் எடுத்தது.

இந்த விடயத்தில் வன்னிக்காரருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு அளவுகோல் இருக்கிறது. 2008, 2009-இல் போரால் ஊர் ஊராக எழும்பிப் போனோம். 2010-க்குப் பிறகு திரும்பி வந்தபோது கூரையில்லாத வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குப் பற்றை, கிணற்றுக் கட்டில் ஆலும் அரசும், சுவர்ப் பொந்தில் ஆந்தை. எங்கே வேலி, எங்கே ஒழுங்கை என்றே தெரியவில்லை. மனிதர் இல்லாவிட்டால் ஒரு வளவு என்னவாகும் என்பது அது. செடி மாறியது, நிழல் மாறியது, ஒளிக்க இடம் வந்தது, அதற்குப் பிறகுதான் மிருகம் குடியேறியது. அதற்கு மாதமும் வருடமும் பிடித்தது. 2020-இல் நாங்கள் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயேதான் இருந்தோம், அதுவும் முன்பைவிட அதிக நேரம். முற்றம் கூட்டினோம், வேலி கட்டினோம், நாய் வளவுக்குள் கிடந்தது. மிருகத்தின் பக்கம் நின்று பார்த்தால் வீதியில்தான் மனிதர் குறைந்தார்கள், வளவில் கூடிவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. காட்டு மிருகம் ஊருக்குள் வருவதும் கொரோனாவோடு தொடங்கியதல்ல. கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று வந்து, ஆட்களைக் காயப்படுத்தி, கடைசியில் அடித்துக் கொல்லப்பட்டது 2018 ஜூனில்.

சரி, உங்கள் கொப்பிக்கு வருவோம். நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது: "ஆறுமணிக் குருவி வேலியோரம் ஒவ்வொரு நாளும் வந்தது, ஊரடங்கு தளர்ந்ததும் போய்விட்டது." கண்டது முழுக்கச் சரி, காரணம்தான் வேறு. பச்சை முதுகும் கண்ணில் கறுப்புப் பட்டையும் வாலடியில் சிவப்பும் கொண்ட அந்தக் கட்டை வால் பறவை இந்தியாவிலிருந்து ஐப்பசியளவில் வருவது. சருகைக் கிளறிப் புழு தின்னும், விடியலிலும் மைம்மலிலும் இரண்டு தரம் விசில் அடித்தாற்போல் கூப்பிடும். சித்திரையோடு வடக்கே கூடு கட்டப் போய்விடும். ஊரடங்கு இல்லாவிட்டாலும் அந்தக் கிழமை போயிருக்கும். இதன் மறுபக்கம் குயில். பங்குனி, சித்திரையில் அது தொண்டை கிழியக் கத்துவது காகத்தின் கூட்டில் முட்டையிடும் பருவம் வந்துவிட்டதால். ஊரடங்கும் அதே பருவத்தில் வந்து விழுந்தது, அவ்வளவுதான். ஊரடங்கு ஐப்பசி மழையில் வந்திருந்தால் உங்கள் கொப்பியில் தவளையும் ஈசலும் நிறைந்திருக்கும், நாங்கள் இருவரும் வேறு கேள்வி பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொரு காரணம் தண்ணீர். பங்குனி வெயிலில் வன்னி எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் வீட்டுத்தோட்டம் செய்யாதவர் குறைவு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டீர்கள், கிணற்றடியில் குருவிக்கென்று மண்சட்டியும் வைத்தீர்கள். சுற்றிலும் காய்ந்து கிடக்க, உங்கள் வளவில் மட்டும் ஈரமண். ஈரமண்ணில் புழு, புழுவுக்குப் பறவை, பறவையின் குஞ்சுக்குச் செண்பகமும் பாம்பும். உங்கள் பட்டியலின் பெரும்பகுதியை அந்தத் தண்ணீரே விளக்கிவிடும் என்று நினைக்கிறேன். ஊரடங்கின் விளைவு என்றால் இதையும் அதில் சேர்க்கலாம். மனிதர் விலகியதால் அல்ல, மனிதர் வளவில் வேலை செய்ததால் வந்தவை.

புலுனிகளைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கம் உண்மையான அவதானிப்பு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் தவிட்டுக்குருவி என்று இருக்கும், குழம்ப வேண்டாம். ஏழெட்டாகத் திரியும், எல்லாம் ஒரே குடும்பம். மாமரத்தடிச் சருகை அலகால் புரட்டும்போது ஒன்று மட்டும் கொப்பில் இருந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது காவல். சற்று நேரத்தில் அது இறங்க வேறொன்று ஏறும். குஞ்சுக்குத் தீனி கொடுப்பதும் தாய் தகப்பன் மட்டுமல்ல, கூட்டமே கொடுக்கும். "ஒரு குஞ்சு மற்றவற்றைவிடப் பெரிதாக, கறுப்பு வெள்ளையாக, ஓயாமல் கத்தியது" என்ற குறிப்பைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது அநேகமாகச் சுடலைக்குயிலின் குஞ்சு. நம் பக்கம் அது புலுனியின் கூட்டில்தான் முட்டையிடும். படம் இருந்தால் தேடுங்கள், தலையில் கொண்டை தெரிந்தால் சந்தேகமே இல்லை.

தொற்றுக்காலத்து 14 நாளில் ஜன்னல் நிலையில் கொண்டைக்குருவி அடைகாத்ததை எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் ஏறக்குறைய 14 நாள்தான் கணக்கு. உங்களோடு சேர்ந்து அதுவும் தனிமைப்படுத்தலில் இருந்திருக்கிறது. பிறகு குஞ்சு பறக்க இன்னும் இரண்டு கிழமைக்குக் கிட்டப் பிடிக்கும். ஆகவே நோட்டீஸைக் கழற்றிய அன்று கூட்டில் கண் திறவாத குஞ்சு இருந்தது என்ற உங்கள் குறிப்பு பொருந்துகிறது.

கீரி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் இரண்டு வகை வளவுக்கு வரும். வால் நுனி கறுப்பாக, அதை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு ஓடினால் செங்கீரி. நுனியில் கறுப்பு இல்லாமல் உடல் சாம்பலாக இருந்தால் மற்றது. "பெரிய உடும்பு" என்பதிலும் இதே சிக்கல். அடுத்த முறை மூக்கைப் பாருங்கள். மூக்குத்துளை ஒரு கீறல் போல, கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையில் இருந்தால் உடும்பு. நுனிக்குக் கிட்ட இருந்தால் கபரகொய்யா, அதாவது நீர் உடும்பு. குளமோ வாய்க்காலோ கிட்ட இருக்கும் வளவுகளுக்கு இரண்டாவதும் வரும்.

அணில் வாலை அடித்து அடித்து ஓயாமல் ஒரே சுருதியில் கத்தினால், கூடவே புலுனியும் கொண்டைக்குருவியும் சேர்ந்து சத்தம் போட்டால், அந்தக் கொப்பிலோ அதன் கீழோ பாம்போ பூனையோ ஆந்தையோ இருக்கிறது. நீங்கள் சாரையைக் கண்டதும் இப்படித்தான். தூர நின்று பாருங்கள். வேலியில் கை விட்டுத் தேட வேண்டாம், இரவில் டோர்ச் இல்லாமல் கிணற்றடிக்குப் போக வேண்டாம், நிலத்தில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். புடையனும் விரியனும் நம் ஊரில் வேடிக்கைப் பொருள் அல்ல. கடித்தால் நேரே அரச ஆஸ்பத்திரி.

இனிச் சந்தேகமானது. இரவில் நரி ஊளை முன்பைவிடக் கிட்டக் கேட்டது என்கிறீர்கள். இதை என்னால் ஒரு பக்கமும் தீர்க்க முடியவில்லை. வீதியில் வாகனம் இல்லாத இரவில் நரி ஏ-9-ஐக் கடந்து உங்கள் பக்கம் வந்திருக்கலாம். நான் மேலே சொன்ன பாலூட்டி ஆய்வு அந்தப் பக்கம் சாய்கிறது. வழக்கமான இடத்தில் நின்று ஊளையிட்டதே இரைச்சல் இல்லாததால் கிட்டக் கேட்டிருக்கவும் கூடும். ஊளை கேட்ட திசையை நீங்கள் எழுதவில்லை. முற்றத்தில் தடம் கண்டதாகவும் குறிப்பு இல்லை. மயில் பற்றியும் இதே நிலைதான். வழமையாகவே மதிலேறித் திரியும் பறவையை வைத்து ஊரடங்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

வௌவாலுக்கு வருகிறேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கொரோனா வைரசுக்கு மிக நெருங்கிய வைரசுகள் கண்டுபிடிக்கப்பட்டது குதிரைலாட வௌவால்களில், சீனாவின் யுனான் பக்கத்திலும் லாவோஸிலும். அவை பூச்சி பிடித்துத் தின்னும் சிறிய இனம். கொரோனா வைரஸ் எந்த வழியால் மனிதருக்கு வந்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. உங்கள் இலுப்பைக்குப் பூவும் பழமும் தின்ன வருபவை பழவௌவால்கள், அவை வேறு குடும்பம். உங்கள் வீட்டுக்குத் தொற்று வந்தது இன்னொரு மனிதரிடமிருந்து. சொல்லப்போனால் மறுதிசையில் போனதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு: 2021 ஜூனில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் ஒரு சிங்கத்துக்குத் தொற்று உறுதியானது. பூனைக்கும் மனிதரிடமிருந்து தொற்றியிருக்கிறது. ஆகவே இனி வீட்டில் யாருக்காவது தொற்று என்றால் பூனையை மடியில் வைத்திருப்பதைக் கொஞ்சம் நிறுத்தலாம். அதற்காக வௌவாலோடு உறவு கொண்டாடச் சொல்லவில்லை. 2018-இல் கேரளத்தில் பரவிய நிப்பா வைரஸ் பழவௌவாலோடு தொடர்புடையது. எனவே வௌவால் கடித்த பழத்தை உண்ண வேண்டாம், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். மரத்தைத் தறிக்க அது காரணமல்ல. இலுப்பையின் கொட்டையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் அந்த வௌவால்தான். தறித்தால் அவை அடுத்த வளவு மரத்துக்குப் போகும், உங்களுக்கு நிழலும் கொட்டையும் போகும்.

கொப்பியால் பயன் உண்டா? உண்டு, இப்போது இருக்கும் நிலையில் பாதிதான். போர்க் காலத்தில் வன்னிக்குள் வந்து பறவை எழுதியவர்கள் அரிது, ஆகவே திகதி போட்ட எந்தக் குறிப்பும் வீணல்ல. நேரமும் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதும் எழுதியிருக்கும் நாட்களைத் தனியே பிரியுங்கள். அவற்றை கோர்னெல் பல்கலைக்கழகம் பறவைக் குறிப்புகளைச் சேர்க்க நடத்தும் ஈபேர்ட் (eBird) தளத்தில் பழைய திகதியிலேயே பதியலாம். மற்ற நாட்களை "தற்செயலாகக் கண்டது" என்று போடுங்கள், இல்லாத நேரத்தை நினைவிலிருந்து இட்டு நிரப்ப வேண்டாம். நட்சத்திர ஆமையைக் கண்ட இடத்தை மட்டும் பொதுவில் எழுதாதீர்கள், பிடித்து விற்பவர்களும் வாசிப்பார்கள்.

ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு உங்கள் வளவிலேயே பதில் வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: இந்த வருடமும் அதே பங்குனி தொடக்கம் வைகாசி வரை, அதே விறாந்தையில், காலையில் கால் மணித்தியாலம் உட்காருங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், மழையா வெயிலா, சட்டியில் தண்ணீர் இருந்ததா என்று எழுதுங்கள். ஒன்றும் வராத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். 2020 பக்கங்களில் அந்த வரி ஒன்றுகூட இல்லை, அதுதான் அதன் பெரிய குறை. லொறியும் ரயிலும் ஓடும் இந்த வருடத்திலும் பட்டியல் கிட்டத்தட்ட அதேயாக வந்தால், அன்று கூடியது உங்கள் கவனம். கண்ணில் பட்டவை அதேயாகவும் காதில் விழுந்தவை குறைவாகவும் இருந்தால், அது வீதி இரைச்சலின் வேலை. அதற்காகவே கண்டதையும் கேட்டதையும் வேறு வேறு நிரலில் எழுதுங்கள்.

கடைசியாக, முருங்கையில் பகலில் இருந்த சின்ன ஆந்தை. இந்தியச் செயலி ஒன்றைப் பார்த்துப் புள்ளி ஆந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். புள்ளி ஆந்தை இலங்கையில் இல்லை, ஆகவே அதை வெட்டிவிடுங்கள். தலையில் காது போல இரண்டு குஞ்சம் நின்று, கண்ணை மூடி மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது நம் வளவுகளில் சாதாரணமாக இருக்கும் குஞ்ச ஆந்தை. இரவில் இடைவெளி விட்டு ஒற்றைக் குரலில் கூப்பிடும். குஞ்சம் இல்லாமல், உருண்டைத் தலையோடு, உடம்பு முழுக்கக் குறுக்குக் கோடாக இருந்து, பகலிலேயே தலையைத் திருப்பி உங்களைப் பார்த்திருந்தால் காட்டு ஆந்தை. அது காட்டோரத்து வளவுகளுக்கு வருவது. எது என்று படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.